கொட்டகையில் தங்கிய மூக்கு

அன்று கொட்டகைக்குள் இருந்தவர்கள் ஏழு பேர்: பதினாறாம் நாள் காரியம் முடித்து மொட்டைத் தலையோடு வந்து நின்ற தீர்த்தகிரி, செத்துப்போன அவர் மனைவி பொன்னுருவியின் தங்கை கங்கம்மா, பூவிலிருந்து இலை கிள்ளக் கூலிக்கு வரும் சாலம்மா, அவள் மருமகள் தவமணி, தவமணியின் இடுப்பில் இருந்த கைக்குழந்தை, அதையும் ஓர் ஆளாகச் சேர்க்க வேண்டும், ஊர்த்தலைவர் வேடியப்பன், அடிவாரத்துச் சர்க்கார் கிடங்கிலிருந்து சரக்கைப் பார்க்க ஏறி வந்த எழுத்தர் சபாபதி. வாசலில் ஒரு செவலை நாய் படுத்திருந்தது. அது உள்ளே வரவில்லை, அதனால் கணக்கில் இல்லை.

பனிமுட்டூரில் கஞ்சா பயிரிட ஊருக்கே சர்க்கார் அனுமதி இருந்த காலம் அது. மலைச்சரிவில் விளைந்த பூ கிடங்குக்கு இறங்கி, அங்கிருந்து வைத்தியசாலைகளுக்கு லேகியத்துக்கும், சாமியார் மடங்களுக்குப் பாலில் அரைத்துக் குடிக்கவும் போனது. விளைவிப்பது பெரிய வேலையில்லை, அதை மழையும் மண்ணும் பார்த்துக்கொள்ளும். வேலையெல்லாம் அறுத்த பிறகுதான். வெயிலில் போட்டால் சீக்கிரம் காய்ந்துவிடும், ஆனால் வாசனை முழுக்க வெயிலோடு போய், வாயில் போட்டால் வைக்கோல் மென்ற மாதிரி இருக்கும். அதனால் கொட்டகை நிழலில் மூங்கில் கழிகளில் தலைகீழாகத் தொங்கவிட்டு, காம்பு வளையாமல் ஒடிகிற நாள் வரை காத்திருந்து, இலையைக் கிள்ளி எறிந்து, பூவை மட்டும் மண் மொடாக்களில் அமுக்காமல் நிரப்பி, தட்டு வைத்து மூடித் துணி கட்டுவார்கள். காலையிலும் மாலையிலும் ஒவ்வொரு மொடாவையும் திறந்து, ஒரு வெற்றிலை மெல்லும் நேரம் மூச்சு வாங்க விட்டு, மறுபடி மூட வேண்டும். முதலில் பச்சைப்புல் வாசனை வரும், பிறகு நனைந்த வைக்கோல், அதையும் தாண்டிப் பொறுமையாக இருந்தால்தான் மாங்காய்ப் பால், எலுமிச்சைத் தோல், நசுக்கிய மிளகு என்று ஒவ்வொன்றாக எழுந்து வரும். திறக்க மறந்த மொடாவிலோ மூத்திர வாடை அடிக்கும், அதன் பின்னால் வெள்ளையாகப் பூசணம் படரும், அதோடு அந்த மொடா போயிற்று.

எந்த மொடாவை எவ்வளவு நேரம் திறந்து வைப்பது என்று சொன்னது பொன்னுருவியின் மூக்கு. ஒரே செடியில் பறித்த பூவை இரண்டு மொடாவில் போட்டு, ஒன்றை எலுமிச்சைக்கும் இன்னொன்றை மிளகுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவாள். யாராவது ருசியைப் பற்றிப் பேசினால் சிரிப்பாள். "நாக்குக்கு இன்னா தெரியும்? மூக்க புடிச்சிகினு தின்னு பாரு, மாங்காயும் வெறும் தழைதான், இதுவும் வெறும் தழைதான்" என்பாள். அவள் தலையில் பூ வைத்ததில்லை, வெற்றிலை போட்டதில்லை, பொங்கலுக்குக்கூட எண்ணெய் தேய்த்துக் குளித்ததில்லை.

மொடாவின் மூடியைத் திறப்பது தீர்த்தகிரியின் வேலை. திறந்துவிட்டு ஒரு கை தூரம் பின்னால் நகர்ந்துகொள்வார். அவர் நகர்ந்த பிறகு அவள் முன்னால் வந்து குனிவாள். அவள் நிமிர்ந்து பின்வாங்கினதும் இவர் முன்னால் வந்து மூடுவார். கல்யாணமான முதல் பருவத்தில், வியர்த்துக் கொட்டிக்கொண்டு மொடாவின் மேல் குனிந்து நின்றவரைப் பார்த்து அவள், "தள்ளி நில்லு மாமா" என்றாள். அவர் தள்ளி நின்றார். இப்பேர்ப்பட்ட மூக்குக்கு நம்முடைய வாடை எப்படி இருக்கும் என்ற நினைப்பு அன்றைக்கு அவருக்குள் விழுந்தது. அன்று முதல் வேலை முடிந்ததும் நேராக ஓடைக்குப் போய்ப் பூந்திக்கொட்டை போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் குளித்தார், வெங்காயம் தின்பதை விட்டார், பாயில் வெட்டிவேர் போட்டுப் படுத்தார். அப்படியும் அவள் சுவர்ப்பக்கம் திரும்பித்தான் படுத்தாள். எத்தனையோ வருஷம் அவள் முதுகைப் பார்த்தபடி, ஏன் என்று ஒரு நாளும் கேட்காமல், ஒரு கை தூரம் விட்டே அவர் தூங்கினார். கேட்டால் அவள் சொல்லிவிடுவாளே என்ற பயம்தான். பிறகு இந்த வருஷம், பூவெல்லாம் கழியில் தொங்கிக்கொண்டிருந்த காய்ச்சல் பருவத்தில் அவள் செத்துப்போனாள்.

காரியம் முடிந்த அன்று சபாபதிதான் முதலில் மொடாவின் மேல் குனிந்தார். குனிந்தவர் நிமிர்ந்து, பூவை விட்டுவிட்டு வேடியப்பனைப் பார்த்தார்.

"இன்னா தலைவரே, காலையில நெத்திலிக் கருவாடா?"

"யோவ், திருவிழாவுக்குக் காப்பு கட்டி இருக்கேன். பேச்ச பாரு."

"காப்பு கட்டின கையிலதான் அடிக்குது. மேல கொய்யா எலைய மென்னுட்டு வந்திருக்கீங்க."

வேடியப்பன் மூக்கை இரண்டு தடவை உறிஞ்சினார். "நீ மட்டும் யோக்கியமா? உன் சட்டையில ரெண்டு வூட்டு சீயக்கா வாசன வருது. ஒண்ணுல வெந்தயம் போட்டிருக்கு, ஒண்ணுல போடல."

சாலம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சிரிப்பு பாதியிலேயே நின்றது, ஏனென்றால் பக்கத்தில் இருந்த மருமகள் இரண்டு நாளாக அழுதிருக்கிறாள் என்பது உப்பும் ஈயமுமாக அவள் மூக்கில் ஏறிற்று. தவமணிக்கு அது எதுவும் தெரியவில்லை. அவள் குழந்தையின் இடது காதில் மூக்கை வைத்து, "அத்த, புள்ள காதுக்குள்ள சீ வெச்சிருக்கு, அதான் பால் குடிக்க மாட்டேங்குது" என்றாள். எல்லோரும் வெளியே போய்ப் பார்த்தார்கள். வெளியே அவரவர் மூக்கு அவரவரிடம் இருந்தது, புளியமரமும் சாணமும் எப்போதும் போல மணத்தன. உள்ளே வந்தார்கள். உலகம் மறுபடி திறந்துகொண்டது.

"இது எங்க அக்கா மூக்கு" என்றாள் கங்கம்மா.

வேடியப்பன் கூரையை அண்ணாந்து பார்த்தார். "அண்ணி செத்தும் கொட்டகைய வுடல" என்றார். பிறகு, "சரி, செருப்ப வெளிய வுட்டுட்டு வாங்க" என்றார். ஊர் எடுத்த முடிவு அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு பனிமுட்டூர் அந்த மூக்கை, புதிதாக வெட்டிய கிணற்றைப் போலப் புழங்க ஆரம்பித்தது. பால் கறந்தவர்கள் செம்போடு வந்து எந்த மாடு சினைக்கு வந்திருக்கிறது என்று முகர்ந்துபோனார்கள். தேன் எடுத்தவர்கள் எந்தக் காட்டுப் பூ என்று தெரிந்துகொண்டார்கள். காய்ச்சல்காரர்களைத் தூக்கி வந்து நடுவில் கிடத்தி, வயிற்றுக் காய்ச்சலா நெஞ்சுக் காய்ச்சலா என்று சொந்தக்காரர்களே சொல்லிக் கஷாயம் வைத்தார்கள். பாகம் பிரித்த நாள் முதல் பேசாமல் இருந்த அண்ணன் தம்பி இரண்டு பேர் தற்செயலாக ஒரே நேரத்தில் உள்ளே மாட்டிக்கொண்டு, ஒருத்தன் மேல் ஒருத்தன் தங்கள் அம்மாவின் கழுத்து வாசனையைக் கண்டு, வெளியே வந்து திரும்பவும் பேசாமலேயே போனார்கள், ஆனால் வரப்பில் கல்லை நகர்த்துவதை மட்டும் விட்டுவிட்டார்கள். பெண்கள் எண்ணெய் வைக்காமல் வந்தார்கள். பூசாரி கற்பூரம் ஏற்றிப் பூஜை போடப் பார்த்தார், கற்பூரத்தின் நெடி தாங்காமல் அவரே கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓடினார். சில புருஷர்கள் எந்தக் காரணம் சொல்லியும் உள்ளே வர மறுத்தார்கள், அவர்கள் யார் யார் என்று ஊர்ப் பெண்கள் விரல் விட்டு எண்ணி வைத்துக்கொண்டார்கள். உள்ளே போய் வந்தவர்கள் எல்லோரும் வெளியே வந்ததும் விளக்கை அணைத்த வீட்டுக்குள் நிற்கிற மாதிரி இருக்கிறது என்பார்கள்.

மொடாக்களுக்கு அப்படி ஒரு பருவம் வாய்த்ததே இல்லை. யார் திறந்தாலும் பொன்னுருவி திறந்த மாதிரிதான். வைக்கோல் வாடை போய் மாங்காய்ப் பால் எட்டிப்பார்க்கிற அந்த நொடியைச் சாலம்மாகூடப் பிடித்தாள். ஓடையோரத்துப் பாத்தியில் வந்த பூவை இன்னும் கொஞ்சம் ஆறவிட்டால் பச்சை ஏலக்காய் வரும் என்று தவமணி சொன்னாள், வந்தது. "மடத்து சாமியாருங்க இந்த வருஷம் கீழ எறங்கவே மாட்டாங்க" என்றார் சபாபதி. அவர் இப்போதெல்லாம் ஒரே வீட்டுச் சீயக்காய் வாசனையோடு வந்தார்.

தீர்த்தகிரிக்குப் பாலும் தேனும் காய்ச்சலும் வேண்டாம். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த மூக்குக்கு அவர் எப்படி இருந்தார் என்று தெரிய வேண்டும். சுவர்ப்பக்கம் திரும்ப வைத்த அந்த வாடை எது என்று, அவள் வாயால் கேட்க முடியாமல் போனதை, அவள் மூக்காலேயே தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் கொட்டகையில் எப்போதும் ஆள் இருந்தது, ஆளுக்கு ஆள் வாசனை அடுக்கடுக்காக நின்றது. ஒரு நாள் மத்தியானம் எல்லோரும் சோற்றுக்குப் போன நேரத்தில் தனியாக உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டு, கையைத் தூக்கி மணிக்கட்டை மூக்கில் வைத்தார். பூந்திக்கொட்டை. முழங்கையை வைத்தார். ஓடைத் தண்ணீர். தோளில் வெட்டிவேர். இவ்வளவு வருஷம் தேய்த்துத் தேய்த்து, அதற்கு அடியில் ஆளே இல்லை.

அன்றோடு குளிப்பதை நிறுத்தினார். நாலு நாளில் ஊருக்குத் தெரிந்துவிட்டது.

"தீர்த்தகிரி அண்ணன் வருது, காத்து எந்தப் பக்கம்னு பாத்து நில்லுங்கடி" என்றாள் கிணற்றடியில் ஒருத்தி.

"பொண்டாட்டி போன துக்கம், வுடு."

"துக்கத்துக்கு இவ்ளோ நாத்தமா இருக்கும்?"

அவர் காதில் விழுந்தது. அவருக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம்கூட. ஆனால் கொட்டகைக்குள் போய் முகர்ந்தால் இன்னும் பூந்திக்கொட்டைதான் மேலே நின்றது, அதற்குக் கீழே ஏதோ ஒன்று, உழுத மண்ணில் முதல் தூறல் விழுவதற்கு முன்னால் வருமே அது மாதிரி, வந்து வந்து மறைந்தது. இன்னும் கொஞ்ச நாள் வேண்டும். அப்போது பார்த்து, மூக்கு முன்ன மாதிரி இல்லை என்று ஒரு பேச்சு கிளம்பியது. நேற்று வெட்டாத பலாவை முகர்ந்தே அது பழுத்துவிட்டதா என்று சொன்னவனுக்கு இன்றைக்குத் தெரியவில்லையாம். வருகிறவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்றார் பூசாரி. அவன் அன்றைக்குச் சளி பிடித்து வந்தான் என்பதை யாரும் யோசிக்கவில்லை. தீர்த்தகிரி நாளை எண்ணிப் பார்த்தார். அவர் உடம்பு அவரிடம் திரும்பி வருவதற்குள் அவள் மூக்கு போய்விட்டால்?

வேடியப்பனிடம் போய் நின்றார். "ஒரு வாரம் கொட்டகைய எனக்கு வுடுங்க தலைவரே. யாரும் வரக்கூடாது."

வேடியப்பன் மூக்கைத் தேய்த்துக்கொண்டே கொஞ்சம் தள்ளி நின்றார். "உன் பொஞ்சாதி மூக்கு. நாங்க இன்னா சொல்றது?" என்றார்.

தீர்த்தகிரி களிமண்ணும் சாணமும் குழைத்தார். கிழக்கு ஜன்னலையும் மேற்கு ஜன்னலையும் சாத்திப் பூசினார்; மூங்கில் இடுக்குகளில் வைக்கோலைத் திணித்து அதன் மேல் பூசினார்; கூரையும் சுவரும் சேரும் இடத்தில் ஏணி போட்டு ஏறிப் பூசினார்; கடைசியாகக் கதவைச் சாத்தி அதன் நான்கு பக்கமும் விரல் அகலம் விடாமல் பூசினார். கங்கம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"உள்ள நாப்பத்து மூணு மொடா இருக்குது மாமா. யாரு தொறந்து மூடறது?"

"நான் பாத்துக்கறேன், நீ போ புள்ள."

பார்த்துக்கொள்ளத்தான் நினைத்தார். காலையில் கதவு வரை போனார். திறந்தால் கொஞ்சம் வெளியே போய்விடும் என்று கை நின்றது. மாலையிலும் போனார், அப்போதும் நின்றது. மறுநாள் மழை பிடித்தது, ஈரக் காற்று உள்ளே போகக் கூடாது என்று அதற்கு ஒரு காரணம் கிடைத்தது. அந்த ஊரில் அவரைவிட அதிகம் மூடி திறந்த கை வேறு இல்லை; பருவத்துக்குப் பருவம், காலைக்கும் மாலைக்கும், மூச்சு விடாத பூ என்ன ஆகும் என்று தூக்கத்தில் கேட்டால்கூடச் சொல்லியிருப்பார். ஆனால் மூக்கை அவர் பூவோடு சேர்த்து நினைக்கவில்லை. அது போகிற பொருள், பிடித்து வைக்க வேண்டிய பொருள் என்று மட்டுமே நினைத்தார். மழை நிற்காமல் பெய்தது. அவர் எதிரே இருந்த மாட்டுக் கொட்டிலில் நனையாமல் உட்கார்ந்து, தன் உடம்பு பழுப்பதற்குக் காத்திருந்தார். வாசலில் எப்போதும் படுக்கும் நாய் எழுந்து புளியமரத்துப் பக்கம் போனதைப் பார்த்தார், மழைக்காக என்று நினைத்துக்கொண்டார்.

வாரம் முடிந்த காலையில் மழை விட்டிருந்தது. தன் அக்குளில் தன் மூக்கை வைத்துப் பார்த்தார், அவர் மூக்குக்கே பூந்திக்கொட்டை சுத்தமாகப் போயிருந்தது. கடப்பாரையால் மண்ணைப் பெயர்த்துக் கதவைத் திறந்தார்.

மூத்திர வாடை ஓர் ஆள் மாதிரி வந்து முகத்தில் இடித்தது. உள்ளே போனார். கழிகளில், சுவரில், மொடாக்களைக் கட்டியிருந்த துணிகளில், எல்லாவற்றிலும் வெள்ளை மயிர் போலப் பூசணம் பூத்திருந்தது. அவர் நின்றார். கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தார். மூத்திரம், பூசணம், ஈரமண். வேறு ஒன்றும் இல்லை. கையைத் தூக்கி முகர்ந்தார். வியர்வை. எந்த ஊரில் எந்த ஆண்பிள்ளைக்கும் வருகிற வியர்வை. ஒவ்வொரு மூலையாகப் போய் நின்று முகர்ந்தார், குனிந்து முகர்ந்தார், அவள் நின்று குனிகிற இடத்தில் நின்று அவளைப் போலவே குனிந்து முகர்ந்தார். அழுகின பூவை ஒரு நாளும் பொறுக்காத மூக்கு அது. அப்படி ஒரு மொடா கண்டால் அதை வெளியே கொட்டிப் புதைக்கும் வரை கொட்டகைக்குள் கால் வைக்க மாட்டாள்.

கங்கம்மா வந்து ஜன்னல்களை உள்ளிருந்து இடித்துத் திறந்தாள். வெளிச்சம் வந்தது. அவர் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"போயிட்டா" என்றார்.

"ம்."

"ஒரே ஒரு தடவ தெரிஞ்சிகினா போதும்னு இருந்தேன். என் நாத்தம் அவளுக்கு எப்பிடி இருந்துச்சின்னு. எதனால செவுத்த பாத்து படுத்தான்னு."

கங்கம்மா கையில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டு அவரைப் பார்த்தாள். "இதுக்கா மாமா பூசின?"

அவர் தலையை ஆட்டினார்.

"நீ கழனியில இருந்து வந்ததும் அழுக்குத் துண்ட அவுத்து எங்க மாட்டுவ?"

"செவுத்து ஆணியில."

"அக்கா எந்தப் பக்கம் படுக்கும்?"

"செவுத்து பக்கம்."

"நானே ஒரு தடவ கேட்டேன். ஏங்க்கா, மாமா அந்தப் பக்கம் இல்ல படுத்திருக்காருன்னு. 'அந்தப் பக்கம் வெறும் பூந்திக்கொட்டதான் படுத்திருக்குது, ஆளு இங்க ஆணியில இருக்காரு'ன்னு சொல்லிச்சி. சொல்லிட்டு சிரிச்சிச்சி."

"என்கிட்ட சொல்லி இருக்கலாமே."

"நீ கேட்டிருக்கலாமே. தள்ளி நில்லுன்னது மொடாவுக்கு. அத எதுக்கு மாமா வூட்டுக்கு எடுத்துகினு போன?"

அவர் எழுந்து வீட்டுக்குப் போனார். ஆணியில் துண்டு தொங்கியது. முகத்தில் வைத்து அழுத்தினார். காரியத்தன்று வீட்டில் இருந்த துணி அத்தனையையும் ஓடைக்குக் கொண்டுபோய்க் கல்லில் அடித்துத் துவைத்தவர் அவர்தான், அதன் பிறகு கழனிக்கும் போகவில்லை, துண்டில் வெயில் வாசனை மட்டும் இருந்தது. சுவர்ப்பக்கம், அவள் தலை இருக்கும் இடத்தில், பாயில் படுத்துப் பார்த்தார். எழுந்து வந்தார்.

அவர் திரும்பும்போது கொட்டகை வாசலில் சாலம்மாவும் தவமணியும் கோணிகளை விரித்திருந்தார்கள். வேடியப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு மொடாவாக வெளியே உருட்டி வந்தார். ஒரு வருஷத்து விளைச்சல், ஊர் முழுவதின் வேலை, அதைப் பற்றி ஒருவரும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். மொடாவைக் கவிழ்ப்பதும், கொட்டுவதும், வெள்ளை கண்டதைக் காற்று போகிற பக்கம் எரிந்துகொண்டிருந்த நெருப்பில் போடுவதுமாக இருந்தார்கள். வெள்ளை காணாத பூவை ஒவ்வொருவராக முகர்ந்து அடுத்தவரிடம் கொடுத்தார்கள்.

"இது தேறுமா?"

"எனக்குத் தெரிலயே. நீ பாரு."

"வைக்கோல் மாதிரி இருக்கு. இல்ல, பரவால்ல. இல்ல, தெரில."

"பொன்னுருவி அக்கா இருந்தா..." என்று ஆரம்பித்த தவமணி மாமியாரைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

தீர்த்தகிரி அவர்களோடு போய் உட்கார்ந்தார். இத்தனை நாள் வியர்வையும் அவரோடு வந்து உட்கார்ந்தது. சாலம்மா லேசாக மூக்கைச் சுளித்தாள், ஆனால் நகரவில்லை, யாரும் நகரவில்லை. அவர் கைக்கு வந்த பூவை அவரும் முகர்ந்தார். அவருக்கு எல்லாம் வெறும் தழையாக இருந்தது. இருந்தாலும் ஒவ்வொன்றையும் நெடுநேரம் மூக்கில் வைத்திருந்தார், வேடியப்பன் "போதும் குடு" என்று வாங்கும் வரை வைத்திருந்தார்.

பொழுது சாய்வதற்குள் எல்லா மொடாவும் கவிழ்ந்துவிட்டன. சந்தேகமானதை எல்லாம் நெருப்புக்கே போடச் சொன்னார் சபாபதி, மருந்துக்குப் போகிற சரக்கு என்பதால் யாரும் மறுத்துப் பேசவில்லை. நாற்பத்து மூன்று மொடாவில் மிஞ்சியது பத்தொன்பது பூ.